ஒன்பதாம் ஜாடி

“ஒன்பதா? அது குப்பைக்குப் போயே ஒரு மாசம் ஆகுதே.”

“செடிதான் போச்சு. பூ இருக்கு. மூடியைத் திற.”

“எதுக்குடா வச்சிருக்கே? தூக்கிப் போடுன்னு நான்தானே சொன்னேன்.”

“நீ தூக்கிப் போடச் சொன்னதையெல்லாம் போட்டிருந்தா இந்தக் கொட்டகையில நம்ம ரெண்டு பேரும்கூட மிஞ்சியிருக்க மாட்டோம். திற, லின்.”

லின்னெட் கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கஞ்சாப் பூ உலர்த்தும் கொட்டகைக்குள் பகலிலும் அரையிருட்டுதான். வெளியே மூடுபனி ஊசியிலை மரங்களின் இடுப்புவரை ஏறியிருந்தது. பின்தட்டில் மற்ற ஜாடிகளை விட்டு ஒதுங்கி நின்ற ஒன்றை அவள் தம்பி கில் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்திருந்தான். மூடியில் அவன் கோணல் எழுத்தில் ஒரு ஒன்பது. நேற்று ஊர் மண்டபத்தில், மலைக்காரர்கள் ஒருவர் பூவை ஒருவர் புகைத்துப் பார்க்கும் ருசிக்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்தே அவன் முகம் சரியில்லை. காலையில் போட்ட காப்பி குடிக்காமல் ஆறிக் கிடந்தது.

அவள் மூடியைத் திருகினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக, யாரோ அடுத்த அறையில் அடுப்புக் கதவைத் திறந்ததுபோல, வந்தது. பாலும் முட்டையும் சேர்ந்து இறுகிய வாசனை. அதன்மேல் சர்க்கரை, பொன்னிறம் தாண்டிக் கருகத் தொடங்கும் அந்த நிமிடத்துச் சர்க்கரை. அடியில் உருகிய வெண்ணெய். எல்லாம் ஓய்ந்த பின்பு, தொண்டையின் ஓரத்தில் ஒரே ஒரு துளி பெட்ரோல். அந்தத் துளி இல்லையென்றால் இனிப்பு திகட்டியிருக்கும். அதுதான் மறுபடி மூக்கை ஜாடிக்குள் இழுத்தது.

அவள் ஒரு பூவை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். இறுகிய, கனமான பூ. குளிர்ந்த இரவுகள் இதழோரத்தில் ஊதாவை ஏற்றியிருந்தன. மேலெல்லாம் பிசின், அரைத்த சர்க்கரையைத் தூவியதுபோல.

“இது ஒன்பது இல்ல,” என்றாள்.

“ஒன்பதுதான்.”

“ஒன்பது நாறும். எரிஞ்ச டயரு, அழுகின வெங்காயம். நான் மோந்து பாத்தேன்.”

“செப்டம்பர்ல மோந்தே. செடியில இருக்கும்போது. இது மூணு வாரமா ஜாடிக்குள்ள ஊறினது.”

அவள் பூவை மறுபடி ஜாடிக்குள் போட்டாள். அவளுக்குத் தெரியாத விஷயமில்லை அது. அந்த மலைமுகட்டில் யாருக்குமே தெரியாத விஷயமில்லை. செடியில் நிற்கும்போது மணப்பது ஒன்று, காய்ந்து ஜாடியில் மூச்சுவிட்டுக் கிடந்த பிறகு மணப்பது வேறொன்று. அதனால்தான் போன குளிர்காலத்தில் ‘பிஸ்கட் டப்பா’ என்ற பழைய தாய்ச்செடியையும் ‘டீசல் ஓடை’ என்ற முரட்டு ஆண்செடியையும் சேர்த்து எடுத்த விதைகளை முளைக்க வைத்தபோது, ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு எண் போட்டு, பூ விடுவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு கிளை நுனியைப் போத்தாக ஒடித்து வேர்விட வைத்தார்கள். ஒரே விதைக்கூட்டத்தில் பிறந்தாலும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று எலுமிச்சைத் தோல், ஒன்று திராட்சைப் பாகு, பாதிக்கு மேல் வெறும் வைக்கோல். எது நல்லது என்று தெரியவரும்போது அந்தச் செடி அறுவடையாகிச் செத்திருக்கும். அதன் போத்து மட்டும் உயிரோடு இருந்தால், அதே செடியை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஜாடி திறக்கும்வரை ஒரு போத்தையும் வீசக் கூடாது. மலைக்காரர்கள் எல்லோரும் வேலை செய்யும் முறை அது.

செப்டம்பரில் இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன் வந்தது. நல்லவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கப் போத்துத் தட்டுகளில் இடம் வேண்டியிருந்தது. லின்னெட் வரிசையாக நின்ற பூக்களை மோந்து பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று விரலை நீட்டிக்கொண்டே போனாள். ஜாடி வரட்டுமே என்றான் கில். “என் மூக்கு போதும்,” என்றாள் அவள். அந்த மூக்குக்கு மலையில் ஒரு பெயர் இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டு நீட்டினாலும் எந்த மேட்டில் விளைந்த பூ என்று சொல்லிவிடுவாள். அந்த நாற்றத்தைக் கண்டு முகத்தைச் சுளித்து, ஒன்பதின் போத்தைப் பிடுங்கி அவளே நெருப்பில் போட்டாள்.

“புகைச்சுப் பாத்தியா?” என்று கேட்டாள்.

“நேத்து, மண்டபத்துல. நெத்திக்குப் பின்னால யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு. அப்புறம் தோள் ரெண்டும் இறங்குது. ஆனா படுக்க வைக்கல. பாதி எழுப்புது, பாதி உக்கார வைக்குது.” கில் கன்னத்தைச் சொறிந்தான். “நான் மட்டும் பாக்கல. டெல்ஃபினும் பாத்தா.”

லின்னெட் ஜாடியைக் கீழே வைத்தாள். டெல்ஃபின் தெற்கே ஒரு நாற்றுப்பண்ணைக்காக ஊர் ஊராகச் சுற்றிப் புதுச் சுவை தேடுகிறவள். அவள் ஒரு போத்தை எடுத்துப் போனால் அது மாநிலம் முழுக்க ஆயிரமாகப் பெருகும். பெற்றெடுத்தவர்களின் பெயர் அதோடு போகும். சமவெளியில் பெரிய கம்பெனிகள் ஒரே மாதிரிப் பூவை மலைமலையாகக் கொட்ட ஆரம்பித்த பிறகு, கடைக்காரர்கள் மலைக்காரர்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: வேறெங்கும் கிடைக்காத ருசி ஏதாவது இருக்கிறதா? மூன்று வருஷமாக லின்னெட்டிடமும் கில்லிடமும் அதற்குப் பதிலில்லை. இந்த வருஷமும் இல்லையென்றால் நிலத்தை விற்றுவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். கில் ஓரிகனில் ஒரு மரக்கிடங்குக்கு வேலைக்குப் போவான். லின்னெட் எங்கே போவாள் என்று இருவருமே பேசவில்லை.

“டெல்ஃபின் என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. கண்ண மூடிக்கிட்டே இருந்தா. அப்புறம், நாளைக்குக் காலைல வர்றாளாம், போத்து எடுத்து வைக்கணுமாம்.”

“நீ என்ன சொன்னே?”

“சரின்னேன்.”

“எந்தப் போத்துடா?”

“அதான் கேக்குறேன், எந்தப் போத்து?”

கொட்டகையின் தகரக் கூரையில் பனி சொட்டுவது கேட்டது. செடியின் அடிக்கட்டை இரண்டொரு பச்சைக் கிளையோடு இருந்தாலாவது வெளிச்சம் காட்டித் துளிர்க்க வைக்கலாம். பேனுக்குப் பயந்து கட்டைகளையெல்லாம் வேரோடு பிடுங்கி எரித்தாயிற்று.

“வெர்லீன்,” என்றாள் லின்னெட்.

“ம். வெர்லீன்.”

எதிர்முகட்டில் இருப்பவள் வெர்லீன். காட்டுத்தீக் காலத்தில் ஒவ்வொரு வீட்டுப் போத்துக்கும் இன்னொரு வீட்டில் ஒரு ஜோடி இருக்கும். ஒரு முகடு எரிந்தாலும் மறுமுகட்டில் செடி பிழைத்துக் கிடக்கும். லின்னெட்டின் தட்டு வெர்லீனிடம், வெர்லீனின் தட்டு இவளிடம். இருபது வருஷமாக அப்படித்தான்.

“ஆனா நான் அவளுக்கு போன் பண்ணி வெட்டிப் போடச் சொல்லிட்டேனே.”

“தெரியும். பக்கத்துலதான் நின்னேன். எப்படிச் சொன்னேன்னும் தெரியும்.”

“எப்படிச் சொன்னேன்?”

கில் அவளைப் பார்க்காமல் சொன்னான். “‘வெர்லீன், உனக்கு மூக்கு இல்லாததும் நல்லதாப் போச்சு, இல்லன்னா அந்தச் சனியன் பக்கத்துல நீ நின்னிருக்க மாட்டே, வெட்டிப் போடு’ன்னே. சொல்லிட்டுச் சிரிச்சே.”

இரண்டு குளிர்காலத்துக்கு முன் வந்த காய்ச்சலில் வெர்லீனுக்கு வாசனை போய்விட்டது. திரும்பவேயில்லை. அதற்குப் பிறகு ருசிக்கூட்டத்துக்கு அவளை யாரும் அழைப்பதில்லை. அவளும் வருவதில்லை.

“விளையாட்டுக்குச் சொன்னது,” என்றாள் லின்னெட்.

“அவ சிரிச்சாளா?”

அவளுக்கு நினைவில்லை. போனை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தாள்.

“இப்ப பாரு,” கில் மேசையில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினான், யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல. “வெட்டிப் போடுன்னு செடிக்குச் சொந்தக்காரி சொல்லிட்டா, அப்புறம் அது வச்சிருக்கறவளுக்குத்தான். ஊர் வழக்கம். ஒருவேளை அது உயிரோட இருந்து, டெல்ஃபின் வர்ற விஷயமும் அவளுக்குத் தெரிஞ்சா, நேரா அவளே குடுத்துட்டுப் போயிடலாம். நாம கேக்க முடியாது. அதனால உண்மையச் சொல்லாத. அந்தச் செடியில பேன் இருக்கு, உன் மத்த செடிக்குப் பரவும், நான் கொண்டுபோய் எரிச்சுடறேன்னு சொல்லு. சட்டுனு குடுத்துடுவா. பேனுன்னா யாரும் யோசிக்க மாட்டாங்க.”

“அது திருட்டுடா.”

“சரி, வேற வழி சொல்லு.”

லின்னெட் வெர்லீனுக்கு போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நாளை மழை என்று வானொலி சொல்லியிருந்ததால் இன்று மலை முழுக்க வெட்டு. போனை யார் எடுப்பார்கள். இந்நேரம் வெர்லீனும் வெட்டிக்கொண்டிருப்பாள். வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால், ஒன்பது இதுவரை உயிரோடு இருந்தாலும், முடிந்தது.

லின்னெட் ஜாடியை மூடிச் சட்டையின் உள்பைக்குள் திணித்துக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.

மண்சாலை முதலில் ஓடைவரை இறங்கி, பிறகு எதிர்முகட்டில் ஏறும். பனிக்குள் வண்டி விளக்கு மஞ்சள் துணிபோல முன்னால் அசைந்துகொண்டு போனது. ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவருடைய அறுவடை மணந்தது, பச்சையாக, காட்டமாக. அவள் வழக்கம்போல ஒவ்வொன்றையும் பெயர்சொல்லிப் பிரித்துக்கொண்டே போனாள், நிறுத்த முடியாமல். இது ஹாலிஸ் வீட்டுது, பைன் எண்ணெய். இது ஓடைக்கரைத் தோட்டம், பூசணம் பிடித்திருக்கிறது, அவர்களுக்கு இன்னும் தெரியாது. சட்டைக்குள் ஜாடி மட்டும் வாயை மூடிக்கொண்டு விலாவில் இடித்தது. இந்த மூக்கு ஒரு நாள் போய்விட்டால் இந்த மலை எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. ஊமையாகிவிட்ட ஊர்போல. அவள் வண்டியை வேகப்படுத்தினாள்.

வெர்லீனின் முற்றத்தில் பழைய எண்ணெய் டிரம் ஒன்றில் தழை எரிந்துகொண்டிருந்தது. வாசலில் கட்டிய கயிறு முழுக்க வெட்டிய செடிகள் தலைகீழாகத் தொங்கின. லின்னெட் வண்டியை விட்டு இறங்காமலேயே அவற்றை மூக்கால் துழாவினாள். ஒன்பது இல்லை. பிளாஸ்டிக் குடிலின் கதவைத் தள்ளிக்கொண்டு வெர்லீன் வெளியே வந்தாள். கையில் கத்தரி. பிசின் படிந்து விரல்கள் கறுத்திருந்தன.

“மழை வருது, வெட்டாம ஊர் சுத்திக்கிட்டு இருக்கே,” என்றாள் வெர்லீன். “கில் செத்துட்டானா?”

“நல்லா இருக்கான்.”

“அப்ப வேற யாரு செத்தது? உன் மூஞ்சி அப்படி இருக்கு.”

லின்னெட் சிரிக்க முயன்றாள். “என்னோட தட்டு. ஜூலைல குடுத்தேனே. அதுல ஒன்பது... வெட்டிப் போட்டியா?”

வெர்லீன் கத்தரியை மூடினாள், திறந்தாள்.

“இல்ல,” என்றாள்.

லின்னெட் வண்டிக் கதவைத் திறந்து இறங்கினாள். “எங்க இருக்கு?”

“உள்ள. கடைசியில. ஏன்?”

அந்த ‘ஏன்’ சாதாரணமாகத்தான் வந்தது. அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வெர்லீன் அவளைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒன்று இருந்தது. செடியை மறைக்க நினைப்பவளின் பார்வை. கேட்டால் தரமாட்டாள். லின்னெட் வழியெல்லாம் தயார்செய்து வந்த வார்த்தைகள் தாமாகவே வெளியே வந்தன.

“அதுல பேன் இருக்கு, வெர்லீன். எங்ககிட்ட அந்த வரிசை முழுக்க இருந்துச்சு. லேட்டாத்தான் கண்டுபிடிச்சோம். நான் எடுத்துட்டுப் போய் எரிச்சுடறேன். உன் மத்த செடிக்கெல்லாம் பரவிடும்.”

வெர்லீனின் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்தது. அவள் திரும்பிக் குடிலுக்குள் நடந்தாள். லின்னெட் பின்னாலேயே போனாள்.

கடைசி மூலையில், ஒரு வாளியில் ஒன்பது நின்றது. முழங்கால் உயரம்கூட இல்லை. பருவம் தப்பி நட்டதால் பூ குட்டை குட்டையாக இறுகியிருந்தது. பக்கத்தில் போகுமுன்பே அந்த நாற்றம் முகத்தில் அறைந்தது, எரிந்த டயரும் அழுகிய வெங்காயமும். இந்த முறை லின்னெட் அதை வேறுமாதிரி மோந்தாள். ஆழத்தில், வெங்காயத்துக்கும் கீழே, கதவிடுக்கில் தெரியும் விளக்குபோல, கருகிய சர்க்கரை. அங்கேயேதான் இருந்திருக்கிறது. செடியின் அடியில் மட்டும் இரண்டு இளங்கிளைகள், நிழலில் கிடந்ததால் பூ விடாமல், பச்சையாக. வேர் பிடிக்கக் கூடியவை அவை மட்டுமே.

“இங்க குடு, நான் தூக்கிக்கறேன்,” என்று லின்னெட் குனிந்தாள்.

“தொடாத. உன் கையில ஒட்டிக்கிட்டு இந்தப் பக்கமெல்லாம் சிந்தும்.” வெர்லீன் வாளியை மார்போடு அணைத்துத் தூக்கினாள். “வண்டியில வச்சு அத்தனை தூரம் கொண்டுபோகணுமா? இங்கயே தீ எரியுது. நானே எரிச்சுடறேன்.”

“வேணாம், நான்...”

“என் தோட்டம், லின்னெட். பேனுன்னா ஒரு நிமிஷம்கூட வைக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?”

தெரியும். லின்னெட்டும் அதைத்தான் செய்திருப்பாள். அவள் வெர்லீனோடு முற்றத்துக்கு ஓடினாள். வெர்லீன் டிரம்மின் பக்கத்தில் வாளியை இறக்கி மண்டியிட்டாள். ஆனால் உடனே செடியைப் பிடுங்கவில்லை. தலை குனிந்து அந்த நாற்றத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கண்ணை மூடி இழுத்தாள். நீளமாக. இன்னொரு தடவை.

பிறகு கத்தரியைக் கீழே கொண்டுபோய் அடியிலிருந்த இளங்கிளையில் ஒன்றை நறுக்கித் தீயில் போட்டாள். அது சுருண்டு, சீறி, மறைந்தது.

கத்தரி அடுத்ததற்குப் போனது.

“வெர்லீன், நிறுத்து. பேன் இல்ல.”

கத்தரி நின்றது.

“பேன் இல்ல,” என்றாள் லின்னெட் மறுபடியும். “பொய் சொன்னேன்.”

வெர்லீன் நிமிரவில்லை. கிளை கத்தரியின் இரண்டு அலகுகளுக்கு நடுவே இருந்தது. “ஏன்?”

லின்னெட் சட்டைக்குள்ளிருந்து ஜாடியை எடுத்துத் திறந்து அவள் முன்னால் மண்ணில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். நெருப்பில் போட்ட போத்து, கில் மறைத்து வைத்த பூ, டெல்ஃபின் நாளைக் காலை வருவது, இது இல்லையென்றால் நிலம் போவது. கில்தான் பொய்யைச் சொல்லிக்கொடுத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னவள் அவள்தானே.

வெர்லீன் ஒரு கையால் ஜாடியை எடுத்து மூக்கில் வைத்தாள். மறுகை கத்தரியை விடவில்லை. வெகுநேரம் வைத்திருந்தாள்.

“ஒண்ணும் இல்ல,” என்றாள். “வெறும் கண்ணாடி.” ஜாடியைத் திருப்பி வைத்தாள். “எப்படி இருக்கு, சொல்லு. நீதான் நல்லாச் சொல்லுவியே.”

லின்னெட் குனிந்து ஜாடியை ஒரு தடவை மோந்தாள். “புட்டிங். அடுப்புல கொஞ்சம் அதிகமா நின்னுட்ட புட்டிங். மேல சர்க்கரை கருகியிருக்கு.”

“நல்லா இருக்கும்போல.”

“ம்.”

“எனக்கு இது என்னன்னு தெரியுமா?” வெர்லீன் செடியைத் தலையால் காட்டினாள். “நீ போன் பண்ணிச் சிரிச்சே பாரு, அதுக்கு மறுநாள் வெட்டத்தான் போனேன். குடிலுக்குள்ள காலை வச்சதும் டயர் எரியற வாசனை. தீதான்னு நினைச்சு வெளிய ஓடி வந்து மலை பூரா பாக்கறேன். எங்கயும் புகை இல்ல. திரும்பப் போனா, இது. ரெண்டு வருஷம், லின்னெட். காப்பி இல்ல, மழை இல்ல, என் புருஷன் சட்டை இல்ல. நீ நாறுதுன்னு தூக்கிப் போட்டியே, அது ஒண்ணுதான் எனக்கு மணக்குது. அந்த நாத்தத்துக்கு மண்ணுல உக்காந்து அழுதேன்.”

டிரம்முக்குள் தழை வெடித்தது.

“பூவை மட்டும் வெட்டிட்டு அந்த ரெண்டு கிளையை விட்டு வைக்கலாம்னு இருந்தேன்,” என்றாள் வெர்லீன். “குளிர்காலத்துல விளக்கு போட்டு வளத்தா மறுபடி செடியாகும். ஜாடிக்குள்ள போனா அந்த நாத்தம் போயிடும்ல? நீ சொல்ற அந்தப் புட்டிங் எனக்குக் கிடையாது. செடியா நிக்கணும் எனக்கு.” அவள் தீயைப் பார்த்தாள். “இப்ப ஒண்ணு இருக்கு.”

ஒன்றே ஒன்று. சுண்டுவிரல் கனத்தில், நுனியில் ஐந்தாறு இலைகளோடு, கத்தரிக்கு நடுவே. அதை இரண்டாகப் பிரிக்க முடியாது. கட்டையோடு விட்டால் பிழைக்கும்; அது போனால் பச்சை இல்லாத கட்டை இனித் துளிர்க்காது. ஒடித்து நட்டால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். டெல்ஃபினுக்குத் தருவது என்றால் ஒடிக்கத்தான் வேண்டும்.

பனிக்கு மேலே எங்கோ இடி உருண்டது. மழை நாளைவரை காத்திருக்கப்போவதில்லை. லின்னெட் மண்ணில் மண்டியிட்டாள், வெர்லீனுக்கு எதிரே, அந்த நாற்றத்துக்கு இந்தப் பக்கம். வருமானத்தில் பாதி என்று சொல்ல நினைத்தாள். பெயரை நீயே வை என்று சொல்ல நினைத்தாள். டெல்ஃபின் பெருக்கியதும் முதல் செடியை உன் வாசலில் கொண்டுவந்து வைக்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இந்த முற்றத்தில் இன்று ‘ஏன்’ என்ற கேள்விக்கு அவள் வாயிலிருந்து முதலில் வந்ததே பொய்.

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தபடி, கத்தரிக்குக் கீழே.

“உன்னோடதுதான். வெட்டிப் போடுன்னு நான்தான் சொன்னேன், வழக்கம் எனக்குத் தெரியும். அதனால உரிமையாச் சொல்லல, கேக்குறேன். அந்த ஒண்ணை எனக்குக் குடு, வெர்லீன்.”